ஆணியைப் பார்த்துச் செய்த சத்தியம்



ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து, 'சத்தியமா' என்னும் சொல் எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அழிப்பானை எடுத்தவன் யார் என்னும் வழக்கிலிருந்து வீட்டுப்பாட நோட்டைப் பேருந்தில் தவற விட்ட கதை வரை அனைத்திற்கும் சத்தியமே முத்திரை. 'சாமி சத்தியமா டீச்சர்', 'அம்மா மேல சத்தியமா டீச்சர்'. சில பிள்ளைகள் மலாய் நண்பர்களோடு பழகிய பழக்கத்தில் 'சும்பா டீச்சர்' என்றும் சொல்வதுண்டு. மலாய்மொழியில் சும்பா என்றால் ஆணையும் அதுவே, சாபமும் அதுவே. எடுத்ததற்கெல்லாம் ஆணையிடுபவனை நம் பெரியவர்கள், 'சத்தியம் அவனுக்குச் சர்க்கரைப் பொங்கல்' என்று கேலி செய்வார்கள்.

தமிழில் சத்தியம் என்ற ஒரே சொல் உண்மையையும் குறிக்கிறது, அவ்வுண்மைக்காக இடும் ஆணையையும் குறிக்கிறது. பல்லாண்டுகள் தமிழ் கற்பித்தும் இவ்விரட்டைப் பொருளை நான் நின்று நோக்கியதில்லை. அதை எனக்கு நோக்கக் கற்றுக் கொடுத்தவர்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர். இது நடந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவ்விருவரும் இன்று வளர்ந்த இளைஞர்கள். ஆகையால் பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். குற்றம் என்னுடையது என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

2011ஆம் ஆண்டின் தொடக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தைப்பிங் விலங்கியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதற்காகப் பணம் வசூலித்துக் கொண்டிருந்தேன். முந்நூற்று எண்பது வெள்ளி. ஒரு பழுப்பு நிற உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். பூட்டு பழுதாகி நெடுநாள் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை காலை இழுப்பறையைத் திறந்தேன், உறையைக் காணவில்லை.

அன்று நான் நடந்து கொண்ட முறையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கதவைச் சாத்தினேன். இருபத்திரண்டு பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொன்னேன். "எடுத்தது யார் என்று தெரிந்தவர்கள் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பவரும் திருடரே" என்றேன். வகுப்பறைச் சுவரில் சரசுவதி படம் மாட்டியிருக்கும் திசையைக் காட்டி, ஒவ்வொருவராக முன்னே வந்து, நான் எடுக்கவில்லை, எடுத்தவரைப் பார்க்கவும் இல்லை என்று சத்தியம் செய்யும்படி கட்டளையிட்டேன்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். சிலர் அழுதார்கள். முதல் வரிசையில் அமரும் பையன் ஒருவன், படிப்பில் கெட்டிக்காரன், சொன்ன சொல்லைத் தட்டாதவன், என் முன் நின்று திணறினான். "என்ன பார்த்தாய், சொல்" என்று அதட்டினேன். அவன் கடைசி வரிசையைக் காட்டினான். நேற்று ஓய்வுவேளையில் அவன் உங்கள் மேசையருகே நின்றதைப் பார்த்தேன் என்றான். "சத்தியமாகவா?" "சத்தியமா டீச்சர்." சுவரை நோக்கிக் கையை நீட்டிச் சொன்னான்.

கடைசி வரிசைப் பையனை அழைத்தேன். அவன் வந்தான். "எடுக்கல டீச்சர்" என்றான். சத்தியம் செய் என்றேன். "எடுக்கல" என்று மட்டும் மறுபடியும் சொன்னான். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக் கொண்டு தரையைப் பார்த்தபடி அதையே சொன்னான். மற்ற இருபத்தொரு பேரும் தயங்காமல் செய்த சத்தியத்தை இவன் மட்டும் ஏன் செய்யவில்லை? எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அவனுடைய தந்தை மறுநாள் வேலைச் சீருடையோடு பள்ளிக்கு வந்தார். மகனைக் கடிந்து பேசவில்லை, என்னோடும் வாதிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முந்நூற்று எண்பது வெள்ளியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பையன் ஆறு நாள் பள்ளிக்கு வரவில்லை.

இவ்விடத்தில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது லூமுட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் இரப்பர்த் தோட்டத்தில். இன்று அங்கே இரப்பரும் இல்லை, லயத்து வீடுகளும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. அப்பா மரம் வெட்டுபவர். 1979இல், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஸ்டோரில் காயவைத்திருந்த ரப்பர்த் தகடுகள் சில காணாமற்போயின. அந்நாளில் தோட்டத்து வழக்குகள் போலீஸ் வரை போவது அரிது. தண்டல் ஒரு முடிவு சொன்னார். வெள்ளிக்கிழமை அந்தியில் ஆண்கள் அனைவரும் முனியாண்டி கோயிலுக்கு வரவேண்டும். சூடம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்.

சூடம் அடித்துச் சத்தியம் செய்வதென்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆணைகளிலெல்லாம் அதற்கு மேலான ஒன்று தோட்டத்தில் கிடையாது. பெற்ற பிள்ளையைத் தரையில் கிடத்தித் தாண்டுவது ஒன்றைத்தான் அதற்கும் மேல் வைத்துப் பேசுவார்கள். பொய்யாகச் சூடம் அடித்தவன் குடும்பம் விளங்காது, கை விளங்காது என்ற அச்சத்தில் எத்தனையோ களவுகள் கோயில் வாசலுக்கு வருமுன்பே வெளிப்பட்டதுண்டு. இதை மறுக்க முடியாது.

அப்பா போனார். வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது சூடத்தருகே குனியாமல், "நான் எடுக்கல. சூடம் அடிக்க மாட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு அச்சொட்டாக நினைவிருக்கிறது. "இருபது வருசமா இதே தோட்டத்துல வெட்டுறேன். என் பேச்சை நம்பாதவங்க, நான் நெருப்பை அடிச்சா மட்டும் நம்பிடுவீங்களா?"

நம்பவில்லை. அவரே கள்ளன் என்று தோட்டம் முடிவு செய்தது. யாரும் அடிக்கவில்லை, வேலையைவிட்டும் நீக்கவில்லை. ஆனால் அவருடைய நிரை மாறியது. மேட்டுப் பக்கம், பால் வற்றிய பழைய மரங்கள் அவருக்குக் கிடைத்தன. பள்ளியில் பிள்ளைகள் என்னைத் தகட்டுக்காரர் மகள் என்றார்கள். நான் வீட்டில் அழுது அடம் பிடித்தேன். "ஒரு தடவை சூடம் அடிச்சிடுங்கப்பா, அவ்வளவுதானே" என்று அவர் காலைப் பிடித்துக் கொண்டு கெஞ்சினேன். அவர் தலையைத் தடவிவிட்டு வெளியே போய்விட்டார். தகடுகள் என்ன ஆயின என்பது கடைசிவரை தெரியவேயில்லை.

அப்படிப்பட்டவரின் மகள்தான், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பத்து வயதுப் பையனிடம் மூன்று முறை சத்தியம் கேட்டாள். அவன் மறுத்தபோது அப்பாவின் முகம் எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை என்று பலமுறை என்னையே கேட்டுக் கொண்டிருக்கிறேன்.

அவ்வாண்டு மாசிமகம் வந்தது. லூமுட்டில் இருப்போர்க்கு மாசிமகம் என்றால் கடலைக் கடந்து பங்கோர்த் தீவுக்குப் போவது. பெர்ரியில் இடம் கிடைக்காது. கடலைப் பார்த்த வண்ணம் நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். எம் மாணவர் பலரும் அங்கே போய் வந்தவர்கள்தாம். திருவிழா முடிந்த பின் வந்த தமிழ்மொழி வேளையில், பிள்ளைகள் விழா மயக்கத்திலேயே இருந்ததால், பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மாசியில் தமிழகத்துத் திருவொற்றியூரில் நடக்கும் மகிழடி சேவையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கதை சொல்லும்போது எனக்கு வேறு எந்த நோக்கமும் இருக்கவில்லை.

கதை பெரியபுராணத்தில் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியது. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், திருவொற்றியூருக்கு வந்தபோது கோயிலில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு விரும்புகிறார். இறைவனையே தூது அனுப்புகிறார். சங்கிலியாருக்கு ஐயம். இவர் ஏற்கெனவே திருவாரூரில் வாழ்பவராயிற்றே, என்னைவிட்டுப் போய்விட மாட்டாரா? அப்படிப் போகமாட்டேன் என்று அவன் ஆணையிட்டுத் தருவான் என்று இறைவன் உறுதி கூறுகிறார்.

சுந்தரருக்கோ திருவாரூரை மறக்க முடியாது. ஆணையிடவும் வேண்டும், அதற்குக் கட்டுப்படவும் கூடாது. என்ன செய்வது? இறைவனிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறார். நான் சன்னிதியில் நின்று சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும். இறைவனும் ஒப்புக் கொள்கிறார். பிறகு அவரே சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தைச் சன்னிதியில் கேட்காதே, மகிழின் கீழ்ச் செய்யச் சொல் என்று கூறிவிடுகிறார். (இப்பகுதியைச் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். கடவுளே போட்டுக் கொடுத்துவிட்டாரே என்று ஒரு பெண் வியந்தாள்.) மறுநாள் சங்கிலியாரின் தோழியர் மகிழ மரத்தைக் காட்ட, சுந்தரருக்கு வேறு வழியில்லை. மரத்தை வலம் வந்து, பிரியேன் என்று சூளுரைக்கிறார்.

இளவேனில் வருகிறது. திருவாரூர் நினைவு அவரை ஆட்கொள்கிறது. புறப்படுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளி இழக்கின்றன. திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்கு ஓர் ஊன்றுகோலை மட்டும் கொடுக்கிறார். காஞ்சியில் இடக்கண் கிடைக்கிறது. திருவாரூரில் வலக்கண்.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது இவ்வளவே. மணி அடித்தது. அனைவரும் ஓடிவிட்டார்கள். முதல் வரிசைப் பையன் மட்டும் போகவில்லை. மேசையருகே வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், படம் இல்லாட்டியும் கண்ணு போயிடுமா?"

எனக்கு விளங்கவில்லை. என்ன படம் என்று கேட்டேன். அவன் பின்சுவரைக் காட்டினான். அந்த வாரம் வகுப்பறைக்குச் சாயம் பூசுவதற்காகச் சரசுவதி படத்தை இறக்கி அலமாரிமேல் கவிழ்த்து வைத்திருந்தோம். சத்தியம் வாங்கிய கோபத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை. சுவரில் இருந்தது வெறும் ஆணி. "நான் ஆணியப் பாத்துத்தான் டீச்சர் சத்தியம் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினான்.

ஒன்றுமே பார்க்கவில்லையாம். ஓய்வுவேளையில் அவன் வகுப்பறையிலேயே இல்லையாம். பிறகு ஏன் சொன்னாய் என்று கேட்டேன். எதையாவது சொல்லாவிட்டால் நானும் திருடன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். கடைசி வரிசைப் பையனை ஏன் காட்டினாய்? அவனைச் சொன்னால் டீச்சர் நம்புவீர்கள் என்று நினைத்தேன்.

கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியம் இன்றும் என்னை விடவில்லை.

அன்று பிற்பகல் இழுப்பறையை முழுவதுமாக வெளியே உருவினேன். உறை, இழுப்பறைக்கும் மேசையின் பின்பலகைக்கும் நடுவில் விழுந்து மடங்கிக் கிடந்தது. முந்நூற்று எண்பது வெள்ளியும் இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பெரியபுராணத்தை எடுத்து ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் அப்பகுதியை மீண்டும் படித்தேன். மாணவர்க்குச் சொல்லாமல் தாண்டிச் சென்ற ஓரிடம் அப்போதுதான் கண்ணில் பட்டது. சுந்தரர் மகிழின்கீழ் ஆணையிடுவதைச் சங்கிலியார் காண்கிறார். கேட்டது கிடைத்துவிட்டதே என்று அவர் மகிழ்ந்தாரா? இல்லை. இவரை இப்படிச் செய்ய வைத்துவிட்டேனே, இதைக் காணும் பாவம் எனக்கு வந்ததே என்று மனம் கலங்குகிறார். ஆணை பொய்க்கப் போகிறது என்பது அப்போது அவருக்குத் தெரியாது. ஒருவரிடம் ஆணை கேட்டு வாங்குவதே அவரைத் துன்புறுத்தியிருக்கிறது. எத்தனையோ முறை படித்த நான் சுந்தரரின் கண்ணையே பார்த்துக் கொண்டிருந்தேன். சங்கிலியாரின் முகத்தைப் பார்த்ததில்லை.

அதன்பின் இப்பொருளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். சாட்சிக்குப் பழந்தமிழில் கரி என்று பெயர். (கரி என்றால் மாணவர்க்கு அடுப்புக்கரி நினைவுக்கு வரும், கொஞ்சம் படித்தவர்க்கு யானை.) வள்ளுவரும் இப்பொருளில் அச்சொல்லை ஆள்கிறார். குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் காட்டும் பெண்ணுக்குத் தலைவன் கொடுத்த உறுதிமொழிக்கு வேறு மனிதச் சாட்சி கிடையாது. நீரோடும் கரையில் மீனுக்காகக் காத்து நின்ற குருகு மட்டும் இருந்ததாம். அதுவும் தன் இரையைப் பார்த்துக் கொண்டிருந்ததே அன்றி இவர்களைப் பார்த்ததா என்பது யாருக்குத் தெரியும்? அவன் பொய்த்துவிட்டால் அவள் எந்த மன்றத்தில் போய் நிற்பாள்?

சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் நாற்சந்தியில் ஒரு பூதம் நிற்கிறது. பொய்த்தவம் செய்வோர், புறங்கூறுவோர் ஆகியோரோடு பொய்ச்சாட்சி சொல்வோரையும் பாசத்தால் கட்டித் தின்பது அதன் வேலை. இதுவரை அனைவரும் மாணவர்க்குச் சொல்வோம். அடைக்கலக் காதையில் மாடலன் சொல்லும் நிகழ்ச்சியை எத்தனை பேர் சொல்கிறோம் என்று தெரியவில்லை. கற்புடைய பெண் ஒருத்தியின் மீது அவள் கணவனிடம் ஒருவன் பொய்ச்சாட்சி சொல்கிறான். இளங்கோ அவன் சொன்ன சாட்சியைப் பொய் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அறியாத ஒன்றுக்குச் சொன்ன சாட்சி என்றும் குறிக்கிறார். பூதம் அவனைக் கட்டுகிறது. அவனுடைய தாய் கதறுகிறாள். அங்கே வந்த கோவலன், இவனை விட்டுவிட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்று பாசத்தினுள் தானே நுழைகிறான். கயவன் உயிருக்கு நல்லவன் உயிரைப் பெறும் வழக்கம் இல்லையென்று பூதம் மறுத்து, அவனைத் தின்றுவிடுகிறது. கோவலன் அத்தாயோடு அவள் வீட்டுக்குச் சென்று, சுற்றத்தாரைப் பல்லாண்டு தாங்குகிறான்.

என் மாணவனும் தான் அறியாத ஒன்றுக்குத்தான் சாட்சி சொன்னான். அவனைச் சொல்ல வைத்த நான் இக்கதையில் யார்? பூதமா? பூதம் நீதி தவறவில்லையே.

இவ்வகைக் கதைகள் நம்மிடம் மட்டும் இருப்பவை அல்ல. ஆங்கில வரலாற்றில் ஹரால்டு என்னும் மன்னனின் கதை உண்டு. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் மடிந்தவன். அதற்கு முன்பு நார்மண்டியின் வில்லியமுக்கு அவன் ஆணையிட்டுக் கொடுத்து, பின் மீறி அரசேறினான் என்பது நார்மானியரின் குற்றச்சாட்டு. அவர்கள் காலத்துப் பெரிய தையல் ஓவியத்துணியில், இரண்டு புனிதப் பேழைகளின்மேல் கைவைத்து அவன் ஆணையிடும் காட்சி இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் வேஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பேழையைத் துணியால் மூடி, உள்ளே புனிதர்களின் எலும்புகள் இருப்பது தெரியாமலேயே ஹரால்டைச் சத்தியம் செய்ய வைத்து, பிறகு துணியை விலக்கிக் காட்டி நடுங்க வைத்தார்களாம். திருவொற்றியூரில் ஆணையிடுபவர் தெய்வத்தை இடம் மாற்றப் பார்த்தார். அங்கே ஆணை வாங்கியவன் தெய்வத்தை ஒளித்து வைத்தான். சேக்கிழாரும் வேஸும் ஒரே நூற்றாண்டினர் என்பதைக் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

சட்டம் பயின்ற என் மகள் வேறொன்று சொன்னாள். ஆங்கிலத்தில் உண்மையைக் குறிக்கும் ட்ரூத் என்ற சொல்லும், கொடுத்த வாக்கைக் குறிக்கும் ட்ரோத் என்ற பழைய சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவையாம். நம் சத்தியம் போலவே. அதனால் இடைக்கால இங்கிலாந்தில் பெர்ஜுரி என்றால் சாட்சிக் கூண்டில் சொன்ன பொய்யும் அடங்கும், ஆணையிட்டுக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாததும் அடங்கும். இரண்டும் பாவம், திருச்சபை மன்றங்கள் விசாரித்தன. பொய் சொல்லும் சாட்சிகளைத் தண்டிக்கும் முக்கியமான அரசுச் சட்டம் முதலாம் எலிசபெத் காலத்தில், 1563இல்தான் வந்தது. காலப்போக்கில் வாக்குத் தவறுதல் ஒரு பக்கம் போய்விட, வழக்கில் சொல்லும் பொய்ச்சாட்சி மட்டும் பெர்ஜுரி ஆகி நின்றது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 193ஆம் பிரிவு நீதிமன்ற விசாரணையில் பொய்ச்சாட்சி சொல்பவருக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தை ஒட்டி 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு இயற்றப்பட்ட சட்டத்தின் வழிவந்தது அது. 1874 முதல் 1935 வரை டிண்டிங்ஸ் என்ற பெயரில் அக்குடியேற்றங்களோடு சேர்ந்திருந்த எங்கள் லூமுட்டுக்கு அது பழைய உறவு.

அவள் சொன்னவற்றுள் என்னை உலுக்கிய செய்திகள் இரண்டு. முதலாவது, 1840இல் இந்தியாவில் பிறப்பித்த ஒரு சட்டம். அதுவரை நீதிமன்றங்களில் இந்துக்கள் கங்கை நீரைத் தொட்டும், முஸ்லிம்கள் திருக்குர்ஆன் மீதும் ஆணையிட வேண்டியிருந்தது. இது பலருடைய மனச்சான்றுக்கு ஒவ்வாததாக இருந்து நீதிக்கே இடையூறாகிறது என்று காரணம் காட்டி, அதை நீக்கிவிட்டு உறுதிமொழி போதும் என்றார்கள். சூடம் அடிக்க மறுத்த என் தந்தையைப் போன்றவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் மறுத்ததைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்று அயல்நாட்டு ஆட்சிக்கே தோன்றியிருக்கிறது.

இரண்டாவது, நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் உள்ள 133ஏ பிரிவு. குற்ற வழக்கில் சத்தியத்தின் தன்மையை அறியாத இளம் பிள்ளை சாட்சியாக வந்தால், அப்பிள்ளையைச் சத்தியம் செய்ய வைக்காமலேயே அதன் சொல்லை நீதிமன்றம் கேட்கலாம். அதற்குப் போதிய அறிவும், உண்மை பேச வேண்டும் என்ற கடமையுணர்வும் இருக்கிறதா என்று நீதிபதி பார்த்தால் போதும். உயர்ந்த மேடையில் கறுப்பு அங்கி அணிந்து அமர்ந்திருப்பவர் ஒரு குழந்தையிடம் காட்டும் அந்த நிதானம், பத்து வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை நாள்தோறும் பார்க்கும் எனக்கு இல்லாமல் போயிற்று.

உறை கிடைத்த மறுநாள் மாலை, கடைசி வரிசைப் பையனின் வீட்டுக்குப் போனேன். மலிவுவிலை வீடு. தந்தை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். பையனைக் கூப்பிட்டு அவனிடமும் அதையே சொன்னேன். தாயார் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், "பரவால்ல டீச்சர். அவன் எடுத்திருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா பள்ளிக்கூடத்துல போயி நின்னு பேசுற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்ல" என்றார். அந்த முந்நூற்று எண்பது வெள்ளியை அவர் கடன் வாங்கிக் கொடுத்திருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

பையனிடம், நீ ஏன் சத்தியம் செய்யவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டுவிட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். "படமே இல்லையே டீச்சர்" என்றான்.

இருவருமே ஆணியைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவனுக்கு அது தப்பிக்க வழி. மற்றவனுக்கு, இல்லாத சாமியின் பெயரில் ஆணையிடுவது சரியாகப்படவில்லை. நான் மட்டும்தான் சுவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பின் முன் நின்று, தவறு செய்தவள் நான் என்று சொன்னேன். பணம் கிடைத்த இடத்தைச் சொன்னேன். பொய்ச்சாட்சி சொன்னவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவனே எழுந்து கடைசி வரிசைக்குப் போய், அங்கே உட்கார்ந்து கொண்டான். அவனை வளர்த்து வந்த பாட்டி அன்று மாலையே என்னைத் தேடி வந்தார். இரவெல்லாம் பேரன் அடிக்கடி விளக்கைப் போட்டுக் கண் தெரிகிறதா என்று பார்க்கிறான், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் டீச்சர் என்றார். சுந்தரருக்குத்தான் இரண்டு கண்ணும் திரும்பக் கிடைத்துவிட்டனவே, அதை அவனுக்கு அழுத்திச் சொல்லாமல் விட்டேனே என்று வருந்தினேன். மறுநாள் அவனை உட்கார வைத்துக் காஞ்சிபுரத்தையும் திருவாரூரையும் பற்றி விரிவாகச் சொன்னேன்.

அதுமுதல் என் வகுப்பில் யாரையும் நான் சத்தியம் செய்யச் சொல்வதில்லை. அவர்களாகச் செய்தாலும், "சரி, என்ன நடந்தது, அதைச் சொல்" என்பதோடு நிறுத்திக் கொள்வேன். "தெரியாது டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் ஒரு முழுமையான பதிலாக ஏற்கப் பழகியிருக்கிறேன். இதில் நான் எப்போதும் வெற்றி பெறுகிறேன் என்று சொல்ல மாட்டேன். பரபரப்பான நாள்களில் பழைய குரல் தானாக வந்துவிடுகிறது. களவு போன பொருள்கள் சில கிடைக்காமலேயே போனதும் உண்டு. நன்னெறிக் கல்வி போதிக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர், இது பிள்ளைகளுக்கு அச்சமே இல்லாமல் செய்துவிடும் என்று என்னோடு கருத்து வேறுபடுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். தோட்டத்துச் சூடம் பல களவுகளை வெளிக்கொண்டு வந்ததை நானே மேலே எழுதியிருக்கிறேன்.

அப்பா அப்போது எங்களோடு லூமுட்டில் இருந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர். மாலையில் படகுத்துறைப் பக்கம் நடந்துவிட்டு வந்து வாசலில் நாற்காலி போட்டு அமர்வார். நடந்ததையெல்லாம் ஒருநாள் அவரிடம் சொன்னேன். 1979ஐப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "காசைத் திருப்பிக் குடுத்துட்டியா?" என்றார்.

கொடுத்துவிட்டேன் என்றேன்.

"அந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்கு வர்றானா?"

"வர்றான்ப்பா."

"சரி" என்று எழுந்து கைகால் கழுவப் போனார்.

சாயம் காய்ந்த பின் சரசுவதி படத்தை மீண்டும் மாட்ட வேண்டியிருந்தது. எனக்கு எட்டாத உயரம். கடைசி வரிசைப் பையனைத்தான் நாற்காலிமேல் ஏறச் சொன்னேன். அவன் படத்தை வாங்குமுன் ஆணியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கொஞ்சம் லூசா இருக்கு டீச்சர், சுத்தியல் வேணும் என்றான்.